தோன்றா எழுவாய்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் குடியேறிய லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் பிறந்த குயர் பெண்கள் (இங்கே, பெண்ணை விரும்பும் பெண்கள்), சட்டம் துணைக்கு இருந்தும், வீட்டில் சொல்லவும் முடியாமல் வீட்டை விடவும் முடியாமல் ஏன் இரண்டுங்கெட்டானாக வாழ்கிறார்கள்? 18 வயதானதும் வெளியே போய்விட வேண்டியதுதானே?

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு பள்ளியில் 11 ஆண்டுகள் மாணவர் ஆலோசகராக இருந்தேன். ஸ்பானிஷ் அங்கேதான் கற்றுக்கொண்டேன், பாதி மாணவர்களிடம், பாதி அவர்களுடைய அம்மாக்களிடம். இதே கேள்வியை நானும் முதல் ஆண்டில் ஒரு மாணவியிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் நாகரிகமான சொற்களில். அவள் பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பிறகு என் அறைக்கு அவள் வரவே இல்லை. ஆகவே இதை ஆற அமர எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்று. லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், என்பது ஒரே அச்சில் வார்த்த ஆள் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 6 கோடியே 21 லட்சம் பேர். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள், விசா என்ற பேச்சே அவர்களுக்கு இல்லை. டெக்சாஸில் சில குடும்பங்கள் எந்த எல்லையையும் தாண்டி வந்ததில்லை. 1848-ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் போட்ட ஒப்பந்தத்தில் எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. நான் நன்றாக அறிந்தது லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை. அவர்களை வைத்துத்தான் பேசுகிறேன்.

கூடவே வேலை பார்த்த தோழி ஒருத்தி. அப்பாவும் அம்மாவும் ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அப்பா வீடுகளுக்குக் கூரை போடுபவர், அம்மா தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைப்பவர். (எழுதிக்கொள் என்று அவளே சொன்னாள். ஆனாலும் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) அவர்கள் வீட்டு ஹாலில், குவாதலூப்பே மாதா படத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கும். தோழியின் கின்சேஅன்யேரா படம்.

பெண்ணுக்கு 15 வயது நிறையும்போது நடக்கிற விழா அது. காலையில் தேவாலயத்தில் பூசை, மாலையில் மண்டபம், சாப்பாடு, பாட்டு. எல்லார் முன்னாலும் அப்பா முழங்காலிட்டு, மகள் போட்டிருக்கும் தட்டைச் செருப்பைக் கழற்றி, முதல் ஹீல்ஸைப் போட்டுவிடுவார். கடைசிப் பொம்மை என்று ஒரு பொம்மை கொடுப்பார்கள். அப்புறம் அப்பாவும் மகளும் வால்ட்ஸ் ஆடுவார்கள். செலவு ஒரு குடும்பத்தால் தாங்கக் கூடியதாக இருக்காது. அதனால் பாத்ரினோ என்று ஞானப் பெற்றோர்கள் பிரித்துக்கொள்வார்கள். கேக் ஒரு சித்தப்பா, கிரீடம் ஒரு அத்தை, பாட்டுக் குழுவுக்கு அப்பாவோடு வேலை பார்க்கும் நண்பர், பைபிளும் ஜெபமாலையும் பக்கத்து வீட்டுப் பாட்டி. அதற்குப் பிறகும் அவள் அப்பா இரண்டு வருடம் கடன் அடைத்தார்.

அந்தப் படத்தில் 14 பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். தோழி மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கிறாள். இடமிருந்து மூன்றாவதாக, வெளிர் ஊதா கவுனில் நிற்கும் பெண்ணை. "எனக்கு அன்றைக்கே தெரியும்" என்று அவள் என்னிடம் சொன்னாள். "படத்தைப் பார்க்கிற யாருக்கும் தெரியும். 20 வருஷமா அது ஹால்லதான் மாட்டியிருக்கு."

வீட்டில் சொல்லிவிடு என்று நாம் சுலபமாகச் சொல்லும்போது, அப்பா அம்மா என்று இரண்டு பேரிடம் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். அவளுக்கு அது அப்படி இல்லை. கேக் வாங்கிய சித்தப்பா, கிரீடம் வைத்த அத்தை, ஜெபமாலை கொடுத்த பாட்டி என்று 150 பேரிடம் சொல்வது. அவளைப் 'பெண்' ஆக்கியதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பணம் போட்டிருக்கிறார்கள். ஸ்பானிஷில் 'எல் கே திரான்' என்பார்கள், 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதேதான். நாலு பேர் என்ன சொன்னால் என்ன என்று கேட்பது எளிது. ஆனால் அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்த நாலு பேரில் ஒருவர். வாடகைக்கு ஜாமீன் நின்றது இன்னொருவர். அம்மா ராத்திரி ஷிப்டுக்குப் போனபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது மூன்றாமவர். புது நாட்டில், மொழி தெரியாமல், பல நேரம் காகிதமும் (குடியேற்ற ஆவணமும்) இல்லாமல் வந்து இறங்கியவர்களுக்கு அந்த நாலு பேர்தான் வங்கி, வேலைவாய்ப்பு அலுவலகம், காப்பீடு எல்லாம்.

இதில் மகளுக்கென்று தனியாக ஒரு வேலையும் உண்டு. மொழிபெயர்ப்பு. எட்டு வயதிலிருந்து வீட்டுக்காரர் அனுப்பும் கடிதம், மின்கட்டண ரசீது, பள்ளியிலிருந்து வரும் நோட்டீஸ் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் அப்பா அம்மாவைச் சேரும். தோழிக்குப் 11 வயதில் ஒரு கிளினிக்கில் நடந்தது. மாதவிலக்கு, கர்ப்பத்தடை, கணவரோடு உறவு என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்க, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தரையில் இருந்த டைல்ஸை எண்ணிக்கொண்டே மொழிபெயர்த்திருக்கிறாள். அம்மாவின் அந்தரங்கம் முழுக்க அவள் வாய் வழியே போனது. அவளுடைய அந்தரங்கத்துக்குத்தான் அம்மாவின் மொழியில் சொல் இல்லை.

இருந்த சொற்கள் எல்லாம் வசவுகள். 'மரிமாச்சா' என்றால் ஆம்பளைத்தனமான பெண். 'தொர்த்தியேரா' என்றால் நேர்ப்பொருளில் தொர்த்தீயா என்ற ரொட்டியைச் சுடுபவள், அவள் அம்மா தினமும் செய்கிற வேலை. அதையே பெண்ணை விரும்பும் பெண்ணுக்கான கெட்ட வார்த்தையாகவும் வைத்திருக்கிறார்கள். இன்னும் மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் 'தே லாஸ் ஓத்ராஸ்', அதாவது 'அந்த மாதிரிப் பொண்ணு'. லெஸ்பியன், குயர் என்ற சொற்களை அவள் ஆங்கிலத்தில், பள்ளியில், மற்றவர்கள் வாயிலிருந்து கற்றாள். வீட்டில் ஆங்கிலம் என்றால் வாடகைக்காரர்களை மிரட்டும் கடிதத்தின் மொழி, கிளினிக்கின் மொழி. அந்த மொழியில் போய் தன்னைப் பற்றிச் சொன்னால் அம்மா என்ன நினைப்பார்? "இந்த ஊர் உன்னைக் கெடுத்துவிட்டது." பல அம்மாக்கள் சொன்ன முதல் வாக்கியம் இதுதான், நான் கேட்டிருக்கிறேன்.

வெளியில் இருப்பவர்கள் கண்டுபிடித்த புதுச் சொற்களும் இதைத் தீர்க்கவில்லை. ஸ்பானிஷில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதால், இரண்டும் இல்லாமல் 'லத்தீனெக்ஸ்' என்று ஒரு சொல் வந்தது. பியூ ஆய்வு மையம் 2020-ல் வெளியிட்ட கணக்கில், அந்தச் சமூகத்துப் பெரியவர்களில் 3 சதவீதம் பேர்தான் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். 2024-ல் வெளியிட்டதில் அது 4 சதவீதம். சொல் தேவைப்பட்டவர்களை நான் மதிக்கிறேன், அவர்களுக்கு அது உயிர் மூச்சு. ஆனால் அடுப்படியில் நிற்கும் அம்மாவை அது எட்டவில்லை.

அடுத்தது காகிதம். இதைத் தள்ளி வைத்துவிட்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. 1952 குடியேற்றச் சட்டத்தை வைத்து, தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களை மனநோயாளிகள் என்று சொல்லி அமெரிக்கா உள்ளே விட மறுத்தது. 1965-ல் அதை இன்னும் வெளிப்படையாக்கினார்கள். 1967-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. 1990-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அப்புறமும், அமெரிக்கக் குடிமகளான ஒரு பெண் தன் வெளிநாட்டு இணையரை மனைவி என்று சொல்லி விசா வாங்க 2013 ஜூன் வரை வழியில்லை. இன்று 60, 70 வயதில் இருக்கும் பெற்றோர் அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில் வந்தவர்கள். "வெளியே சொல்லாதே, யாராவது எழுதிப் போட்டுவிடுவார்கள்" என்ற அவர்களுடைய பயத்தில் பக்தி மட்டும் இல்லை, அனுபவமும் இருக்கிறது.

காகிதம் இல்லாத வீட்டில் மகளுக்கு இன்னொரு பூட்டு. அப்பா அடித்தால் போலீஸைக் கூப்பிட முடியாது, போலீஸ் வந்தால் விஷயம் அப்பாவை நாடு கடத்துகிற வரை போய்விடலாம். ஒரு மாணவி முழுக்கைச் சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "மிஸ், நான் சொன்னால் என் அம்மாவும் போகணுமா?" அவளுக்கு 16 வயது. சட்டப்படி நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

ஆனால் இதே பூட்டிலிருந்துதான் ஒரு சாவியும் வந்தது. 2010 மார்ச்சில் சிகாகோவில், காகிதமில்லாத இளைஞர்கள் பொது இடத்தில் நின்று தங்கள் நிலையைத் தாங்களே அறிவித்தார்கள். தன்னை மறைக்காமல் சொல்லிவிடுவதற்கு 'அலமாரியிலிருந்து வெளியே வருதல்' என்று குயர் மக்கள் வைத்திருந்த பேச்சையும் வழியையும் எடுத்து, நிழலிலிருந்து வெளியே வருகிறோம் என்றார்கள். அந்த இயக்கத்தின் முன்வரிசையில் குயர் இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், ஏராளம். அது தற்செயல் இல்லை. வீட்டுக்கு ஒரு ரகசியம், நாட்டுக்கு ஒரு ரகசியம் என்று இரண்டைச் சுமந்தவர்களுக்கு, ஒன்றைச் சொல்லிப் பழகியதும் மற்றதைச் சொல்லும் தைரியம் வந்தது. அண்டாக்குயர், அதாவது காகிதமில்லாத குயர், என்றே தங்களை அழைத்துக்கொண்டார்கள். வில்லியம்ஸ் ஆய்வு நிறுவனம் 2013-ல் போட்ட கணக்கில், காகிதமில்லாத தன்பால், இருபால் ஈர்ப்பினர், திருநர் ஆகிய பெரியவர்கள் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் பேர், அவர்களில் 71 சதவீதம் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்.

சரி, காகிதம் இருக்கிறது, வேலை இருக்கிறது, ஏன் கிளம்பவில்லை?

சிலர் கிளம்பினார்கள். எழுத்தாளர் குளோரியா அன்சல்துவா 1942-ல் டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பிறந்தவர். பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கியவர். ஆறு தலைமுறையில் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய முதல் ஆள் நான் என்று எழுதினார். அவர் வகுப்பெடுத்த கல்லூரியில் ஒரு மாணவி 'ஹோமோஃபோபியா' என்ற சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டு, வீட்டுக்குப் போகும் பயம் என்று நினைத்திருந்தாளாம். எவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று அன்சல்துவா அதைப் பிடித்துக்கொண்டார். கதவைத் தட்டினால் உள்ளே விடமாட்டார்களோ என்ற பயம். 1987-ல் வந்த அவருடைய நூலில் இந்த இடத்தைப் படித்தபோது, என் அறையிலிருந்து பையோடு எழுந்து போன பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

கிளம்பிப் போய்ச் சேர்ந்த இடமும் வீடாக இல்லை. வெள்ளைப் பெண்ணியக் குழுக்களில் உங்கள் ஆண்கள் எல்லாரும் கொடுமைக்காரர்களாமே என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாகும், இல்லை என்றால் பொய். அந்தச் சூட்டில்தான் 1981-ல் அன்சல்துவாவும் செரீ மொராகாவும் சேர்ந்து, வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்தைத் தொகுத்தார்கள். மொராகா உள்ளிட்டவர்கள் தொடங்கிய பதிப்பகத்துக்கு 'சமையலறை மேசை' என்று பெயர். பெண்கள் வேலை செய்வதும் மனம் விட்டுப் பேசுவதும் அங்கேதான் என்பதால் வைத்த பெயர். வீட்டை விட்டுப் போனவர்கள் வீட்டின் மேசையைத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

மொராகாவின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. அப்பா வெள்ளையர், அம்மா மெக்சிகோ வம்சாவளி. மொராகா வெளுத்த நிறம், வெள்ளைக்காரப் பெண் என்றே நடமாட முடிந்தது. அந்த வீட்டிலும் அண்ணனுக்குத் தங்கைகள் பரிமாற வேண்டும், அண்ணனின் நண்பர்களுக்கும். ஏழையாக, படிக்காதவளாக, பழுப்பு நிறத்தவளாக அம்மா பட்டதை அவர் எப்போது உணர்ந்தார் தெரியுமா? தான் பெண்ணை விரும்புகிறவள் என்பதை நேருக்கு நேர் ஏற்றுக்கொண்ட பிறகு. மறைந்து வாழ்வது எப்படி இருக்கும் என்று தன் உடம்பால் அறிந்த பிறகுதான் அம்மா புரிந்தாள். குயராக இருப்பது அம்மாவிடமிருந்து பிரிக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அவரை அது அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. என் தோழியும் இதையே வேறு சொற்களில் சொல்வாள்: "அம்மா தையல் கூடத்தில் சூப்பர்வைசர் முன்னால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வாளோ, அதே முகத்தை நான் அம்மா முன்னால் வைத்திருந்தேன்."

இனி, சொல்லாமல் இருப்பதைப் பற்றி. நான் அதிகம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தது இதைத்தான்.

கார்லோஸ் தெசேனா என்ற ஆய்வாளர் நியூயார்க்கில் குடியேறிய டொமினிக்கன் ஆண்களிடம் பேசி எழுதினார். அவர்களில் பலர் வீட்டில் 'சொல்லவில்லை'. ஆனால் வீட்டுக்குத் தெரியும். இதை விளக்க அவர் ஸ்பானிஷ் இலக்கணத்திலிருந்து ஒன்றை எடுத்தார். ஸ்பானிஷில் எழுவாயைச் சொல்ல வேண்டியதில்லை, வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். இந்த இடத்தில் தமிழருக்கு விளக்கமே வேண்டாம். 'நாளைக்கு வருகிறேன்' என்ற வாக்கியத்தில் 'நான்' எங்கே இருக்கிறது? இல்லை, ஆனால் இருக்கிறது. தோன்றா எழுவாய் என்று பள்ளியிலேயே படித்தோம். அவர் பேசியது ஆண்களைப் பற்றி. பெண்களுக்கும் அப்படியே பொருந்துவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மகளோடு ஒரே வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கும் பெண்ணை அம்மா 'சூ அமீகா', அவளுடைய தோழி, என்பார். அந்த அமீகாவுக்குப் பிடிக்கும் என்று காரம் குறைத்து ஒரு சட்டி தனியாகச் செய்வார். கிறிஸ்துமஸுக்கு தமாலே சுற்றும்போது அவளுக்கும் மேசையில் ஓர் இடம், மக்காச்சோளத் தோகையில் மாவு தடவும் வேலை. மருமகளுக்குக் கொடுக்கும் வேலை அது. சொல் மட்டும் மேசைக்கு வருவதில்லை.

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால்தான் உண்மை, சொல்லாவிட்டால் பொய் என்ற கணக்கு ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் கணக்கு. எல்லா வீட்டுக்கும் அதை அளவுகோலாக நீட்ட முடியாது.

ஆனால் விலை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. அமீகா என்ற சொல் சமையலறையில் தாங்கும், மருத்துவமனையில் தாங்காது. நான் போன ஒரு சாவு வீட்டில், 15 வருடம் கூட வாழ்ந்தவள் மூன்றாவது வரிசையில், சக ஊழியர்களோடு உட்கார்ந்திருந்தாள். இரங்கல் உரையில் அவள் பெயர் வரவில்லை. 2016 ஜூன் 12 அன்று ஆர்லாண்டோவின் பல்ஸ் இரவு விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று லத்தீன் இசை இரவு, இறந்தவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், கிட்டத்தட்டப் பாதிப் பேர் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். பிள்ளை யார் என்பதையும் பிள்ளை இல்லை என்பதையும் ஒரே நாளில் தெரிந்துகொண்ட வீடுகள் அதில் இருந்தன. மௌனத்தை மகள் தானே தேர்ந்தெடுத்தால் அவளுக்கு அது நிழல். வாயை மூடு என்று சொல்லி அவள் மேல் போட்டால், அதை நிழல் என்று நான் சொல்லமாட்டேன்.

வெளிப்படையாக விரட்டுகிற வீடுகளைப் பற்றிக் கணக்கே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, தன்பால், இருபால் ஈர்ப்புள்ள வெள்ளை, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் 224 பேரைப் பற்றியது. பதின்வயதில் குடும்பம் கடுமையாக நிராகரித்தவர்களில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்கள், அப்படி நிராகரிக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகம். அந்தக் குழு ஸ்பானிஷிலும் பெற்றோருக்குக் கையேடு போட்டது. நான் பெற்றோரிடம் பேசும்போது நம்பிக்கை, பாவம் என்று விவாதத்துக்கே போகமாட்டேன். "உங்கள் மகள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்று அந்தக் கணக்கைக் காட்டுவேன். எந்த அப்பாவும் அதற்கு மேல் என்னோடு சண்டை போட்டதில்லை.

இன்னொன்றும் சொல்வேன், ஊர்க்கதை. பெற்றோர் மனதில் இருக்கும் மெக்சிகோ அவர்கள் கிளம்பிய வருடத்தில் அப்படியே நின்றுபோயிருக்கும். "நம் ஊரில் இதெல்லாம் கிடையாது" என்பார்கள். ஆனால் மெக்சிகோ நகரத்தில் 2010 முதல் இரண்டு பெண்கள் திருமணம் செய்துகொள்ளலாம். அதே ஆண்டு அர்ஜென்டினா நாடு முழுக்கச் சட்டமாக்கியது. அமெரிக்கா முழுக்க அது வந்தது 2015-ல். 2022-க்குள் மெக்சிகோவின் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. கெடுத்தது இந்த ஊர் என்றால் அந்த ஊரைக் கெடுத்தது யார்? தோழியின் அம்மா 19 வருடம் கழித்து ஹலிஸ்கோ போனபோது, சொந்த அக்காவின் பேத்தி தன் காதலியோடு வந்து காலில் விழாத குறையாகக் கட்டிப்பிடித்து வரவேற்றிருக்கிறாள். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காபி ஆறுகிறது, உட்கார் என்று மட்டும் சொன்னாராம்.

அம்மா திரும்பி வந்தார். அதைப் பற்றி இவளிடமும் எதுவும் பேசவில்லை. இரண்டு மாதம் போனது.

அம்மா தினமும் ராத்திரி எட்டு மணிக்கு தோழிக்குப் போன் செய்வார். எடுத்ததும் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "யா கோமிஸ்தே, மீஹா?" சாப்பிட்டாயா மகளே? கோமிஸ்தே என்றால் நீ, ஒருத்தி. 15 வருடமாக அதே கேள்வி. ஒருநாள் நாங்கள் இருவரும் பள்ளி வேலை முடித்து அவள் காரில் உட்கார்ந்திருந்தோம், போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மாவின் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். "யா கோமியேரோன்?" என்றார்.

கோமியேரோன் என்றால் பன்மை. நீங்கள் இருவரும் சாப்பிட்டீர்களா? என்னைச் சேர்த்து இல்லை, மகளோடு வாழும் பெண்ணைச் சேர்த்து.

தோழி உடனே பதில் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். "இன்னும் இல்லை அம்மா" என்றாள் அப்புறம், "இனிமேல்தான் சாப்பிடப் போகிறோம்." ஃபிரிட்ஜில் அவரைக்காய் சூப் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போங்கள் என்றார் அம்மா. அதுவும் பன்மையில்தான்.